இடது உள்பக்கம், வலது வெளிப்பக்கம்

ஸ்கெலட்டன்,
16 ஜூன் 2025

லாய்டுக்கு,

வழக்கமாகக் கடிதத்தின் தலையில் ஸ்தோத்திரம் என்று எழுதுவேன். இதில் எழுதவில்லை. இந்த விவகாரத்துக்குள் ஆண்டவரை இழுக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் நம்பரை நான் ப்ளாக் செய்து வைத்திருப்பது உனக்குத் தெரியும். ஏன் என்றும் தெரியும். உன் அண்ணன் ரோனி செத்து ஒரு வருஷம் ஆன நினைவு ஜெபம் முடிந்து, சர்ச் காம்பவுண்டில் எல்லோரும் பிரியாணித் தட்டோடு நின்றபோது நீ வாய் திறந்தாய். "எங்க அண்ணனுக்குத்தான் வண்டி ஓட்டற கை கோணல்னு பாத்தா, அண்ணிக்கும் அதே கைதான். ரெண்டு பேருமா சேந்து டயர் கம்பெனிய வாழ வெக்கிறாங்க" என்றாய். சிரித்தார்கள். செத்தவனுக்காக ஜெபம் பண்ண வந்த வாய்கள், கோழிக்காலைக் கடித்துக்கொண்டே சிரித்தன. பேசினால் உனக்கு இந்த மாதிரிதான் வருகிறது. எழுதும்போதாவது மனிதன் கொஞ்சம் யோசிப்பான் என்பார்கள். உன் விஷயத்தில் எனக்கு அந்த நம்பிக்கையும் இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். உன் மனைவி டீனா ஞாயிறு ஆராதனைக்கோ நடுவார ஜெபத்துக்கோ வரும்போது நம் கடிதங்களைப் பைபிள் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொண்டுபோவாள். அவளுக்கு இருக்கிற பொறுமைக்குப் பரலோகத்தில் தனி ரூம் ஒதுக்கியிருப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் டெம்போ டிராவலரின் முன் டயர் இரண்டும் மறுபடி போய்விட்டன. புதிதாகப் போட்டுப் பள்ளிக்கூடத்து ஒரு பருவம்கூட ஆகவில்லை. அலைன்மென்ட் செய்தது யார்? நீ. எங்கே? நந்திதுர்க்கில், கண்ணாடிக் கதவும் கம்ப்யூட்டர் திரையும் வைத்து நீ நடத்துகிற அந்த மகா கடையில்.

இந்த முறை சும்மா விட முடியாது. வேம்கல் பக்கத்துப் போன் தொழிற்சாலைக்கு நான் தினம் ஏற்றிப் போகிற பெண்கள் எல்லோரும் இறங்கி நிற்கும்போது, அங்கே டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசராக இருக்கிற விநாயக் குனிந்து டயரில் கட்டை விரலை ஓட்டிப் பார்த்தான். "ஏனு மேடம் இது? ஒரு பக்கம் மட்டும் வழிச்சு வுட்ட மாதிரி இருக்கு. இது ரோடு தப்பு இல்ல, டிரைவர் தப்பு" என்றான். சுதந்திர தினம் கழிந்த வாரத்தில் மறுபடி பார்ப்பானாம். அப்போதும் இப்படித் தேய்ந்திருந்தால் வண்டி ஓடலாம், நான் ஓட்டக் கூடாது. வேறு டிரைவர் போட வேண்டும் என்று சொல்லிவிட்டான்.

என் வண்டியில் நான் சீட்டில் உட்கார்ந்து இன்னொருவன் ஓட்டுவதைப் பார்க்க வேண்டுமாம். நீ செய்த வேலையில் எங்கே கோளாறு என்று பார்த்து எழுது.

பியூலா

*

நந்திதுர்க்,
21 ஜூன் 2025

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் போடாவிட்டாலும் நான் போடுகிறேன். எங்கள் வீட்டில் எங்களை அப்படி வளர்த்தார்கள்.

கடிதம் கிடைத்தது. இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறவர்கள் காதலிப்பவர்களும் வக்கீல்களும்தான். நீங்கள் இரண்டும் இல்லை. பரவாயில்லை, டீனா பக்கத்தில் நின்று "பதில் எழுதுங்க, பதில் எழுதுங்க" என்று காதைக் குடைவதால் எழுதுகிறேன்.

அலைன்மென்ட் என்றால் என்ன என்று இத்தனை வருஷமாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நானே சொல்ல வேண்டியிருக்கிறது. சக்கரங்கள் நேராகப் பார்க்க வேண்டும். முன்னே மூக்கைச் சேர்த்துக்கொண்டோ விலக்கிக்கொண்டோ போகக் கூடாது. நிற்பதும் நேராக நிற்க வேண்டும், தலை உள்ளே சாயவோ வெளியே சாயவோ கூடாது. இதெல்லாம் என் மெஷின் பார்க்கும். தப்பாக இருந்தால் திரையில் சிவப்பு, சரியாக இருந்தால் பச்சை. உங்கள் வண்டி என் கடையிலிருந்து எல்லா இடத்திலும் பச்சையாகத்தான் போனது. பச்சையை வாங்கிக்கொண்டு போய் நீங்கள் என்ன செய்தீர்கள்?

நானே சொல்கிறேன். ஸ்டீரிங் கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்று ஆண்டர்சன்பேட்டையில் ஒரு மேதாவியிடம் போனீர்கள். அவன் ஸ்டீரிங் சக்கரத்தைக் கழற்றி, நேராக வைத்து, மறுபடி மாட்டிக் கொடுத்தான். கண்ணுக்கு நேராகிவிட்டது, உங்களுக்கும் திருப்தி. கீழே சக்கரம் எங்கே பார்க்கிறது என்று யார் கேட்டார்கள்? பல் வலிக்கு லிப்ஸ்டிக் போட்ட கதைதான்.

அடுத்தது, டயரைச் சுற்றி மாற்றிப் போடுவது. எத்தனை தடவை கத்தியிருப்பேன். முன்சக்கரம்தான் திரும்புகிறது, பிரேக் பிடித்தால் பாரமும் அதன் மேல் விழுகிறது, அதுதான் சீக்கிரம் தேயும். ஆகவே குறிப்பிட்ட தூரம் ஓடியதும் முன்னே இருப்பதைக் குறுக்காகப் பின்னே போட வேண்டும், பின்னே இருப்பதை நேராக முன்னே கொண்டுவர வேண்டும், ஸ்டெப்னியையும் வரிசையில் சேர்க்க வேண்டும். ஐந்தும் ஒன்றாகத் தேய்ந்தால் ஐந்தும் நாள் தாங்கும். நீங்களோ ஸ்டெப்னிக்கு உறை தைத்து, உறையில் வசனம் எழுதி, கொலுப் பொம்மை மாதிரி வைத்திருக்கிறீர்கள். அது உழைக்காமலே கிழடாகிறது.

விநாயக் எனக்கும் போன் செய்தான். அலைன்மென்ட் செய்த கடை என்பதால் கேட்டான். உள்ளதைச் சொன்னேன். "என் வேலை கரெக்ட் சார். ஓட்டற கைதான் சரியில்ல" என்றேன். பொய் சொல்லச் சொல்கிறீர்களா? உங்களுக்கு வயதாகிறது, உங்களுக்கு முடியாத நாளில் ஓட்டுகிற வாசு மாதிரி ஓர் இளம் ஆளைப் போடுங்கள். இதைத்தான் அண்ணனுக்கும் சொன்னேன். அவன் கேட்டான்.

லாய்ட்

*

ஸ்கெலட்டன்,
22 ஜூலை 2025

லாய்டுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அரிசி களைந்த தண்ணீரைக்கூடக் கோபத்தில் கொட்டினேன். அப்புறம் யோசித்தேன். இந்த ஆளிடம் கத்தி என்ன பயன், அவன் சொன்னதையே செய்து காட்டுவோம் என்று முடிவு செய்தேன். நீ சொன்ன ஒவ்வொன்றையும் செய்தேன். ஒன்றுவிடாமல்.

ஆண்டர்சன்பேட்டைக்காரன் செய்தது தப்புதான். அந்த ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், இதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள். ஸ்டீரிங்கைப் பழையபடி மாட்ட வைத்தேன். புது டயர் இரண்டு முன்னே போட்டேன். பிறகு வண்டியை வாசுவிடம் கொடுத்து உன் கடைக்கே அனுப்பினேன். நான் வரவில்லை. வந்தால் என் மூஞ்சியைப் பார்த்து மெஷின் கோணலாகிவிட்டது என்று சொல்வாய். நீயே கீழே இறங்கி, நீயே ஸ்பானர் போட்டு, நீயே பச்சை காட்டி அனுப்பினாய். வாசு திரையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தான். எங்கும் பச்சை, வயலே தோற்றுப்போகும்.

சில வாரம் ஓட்டினேன். கிளச்சில் கால் வைத்து ஓட்டவில்லை, பள்ளத்தில் இறக்கவில்லை, வேகத்தடையில் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிப் போவது போல ஏறினேன். பின்னால் பெண்கள் "இன்னாக்கா, மாட்டு வண்டியா?" என்று கேட்டார்கள். முன் டயர் மறுபடி அதே இடத்தில் தேய ஆரம்பித்தது. உடனே ஒரு ஞாயிறு மத்தியானம் என் வாசலில் ஜாக்கி போட்டு, என் வண்டியில் வேலைக்கு வருகிற பாக்கியவதியும் நானுமாகச் சேர்ந்து நீ சொன்ன மாதிரியே சுற்றி மாற்றினோம். ஸ்டெப்னி உறையையும் கழற்றி எறிந்துவிட்டேன்.

இப்போது கேள். முன்னே தேய்ந்துகொண்டிருந்த டயர் பின்னே போனதும் தேய்வது நின்றுவிட்டது. பின்னே ஒழுங்காக இருந்த டயர் முன்னே வந்ததும் தேய ஆரம்பித்தது. இடது பக்கம் உள்விளிம்பு. வலது பக்கம் வெளிவிளிம்பு. டயர் மாறியது, தேய்கிற இடம் மாறவில்லை. என் கை கோணல் என்றால், அது என்ன கை, அத்தனை டயரிலும் ஒரே இடத்தைத் தேடிப் பிடித்துச் சுரண்டுகிற கை?

இத்தோடு விடவில்லை. போன ஞாயிறு பாஸ்டர் நீண்ட ஜெபத்தை ஆரம்பித்ததும் நான் மெதுவாக வெளியே வந்தேன். காம்பவுண்டில் நிற்கிற கார்களில் எதிலெல்லாம் உன் கடை ஸ்டிக்கர் இருக்கிறதோ, அத்தனை காருக்கும் முன்னால் பட்டுப் புடவையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரைத் தடவிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் இடது உள்பக்கம், வலது வெளிப்பக்கம். சிலது அதிகம், சிலது கொஞ்சம். கோயர் மாஸ்டருடைய கார் என்னுடையதைவிட மோசம். அவருக்கும் கை கோணலா லாய்ட்? அந்தக் கையை ஆட்டித்தான் நாற்பது பேரைப் பாட வைக்கிறார்.

உன் கடையில்தான் கோளாறு. கண்டுபிடி. சுதந்திர தினம் தூரத்தில் இல்லை.

பியூலா

*

நந்திதுர்க்,
26 ஜூலை 2025

அண்ணி அவர்களுக்கு,

சபையே ஆண்டவர் முன்னால் மண்டியிட்டபோது நீங்கள் டயர் முன்னால் மண்டியிட்டீர்கள். இதைப் பெருமையாக வேறு எழுதுகிறீர்கள். நீங்கள் செய்த சேவையால் திங்கட்கிழமை காலையிலேயே கோயர் மாஸ்டர் கடைக்கு வந்து, "இன்னா லாய்ட், உங்க அண்ணி இன்னமோ சொல்றாங்களே" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்துக்கொண்டு கேட்பது எவ்வளவு கேவலம் தெரியுமா? அவருக்குப் பிறகு இரண்டு பேர். சொந்தக்காரனின் பிழைப்பில் மண் அள்ளிப் போடுவதற்கு உங்களிடம் டியூஷன் எடுக்கலாம்.

உங்கள் கண்டுபிடிப்புக்குப் பதில் மிகச் சுலபம். இந்த ஊரில் எல்லோரும் ஓட்டுவது ஒரே ரோட்டில். மழைத் தண்ணீர் வடிவதற்காக ரோட்டையே இடப்பக்கம் சரிவாகப் போடுகிறார்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். எல்லா வண்டியும் சரிவில் போனால் எல்லா டயரும் ஒரே மாதிரிதான் தேயும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். குத்துக்காலிட்டு உட்காரவும் வேண்டாம்.

என் மெஷின் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. வருஷா வருஷம் கம்பெனி ஆள் வந்து கம்பியும் கருவியும் வைத்துச் சோதித்துவிட்டுப் போகிறான். அது பொய் சொல்லாது. மனுஷன்தான் சொல்வான், அதிலும் ஸ்டீரிங் பிடிக்கிற மனுஷன். நான் இந்தத் தொழிலில் பார்க்காத டிரைவர் இல்லை. எவனும் தன் கை கோணல் என்று ஒத்துக்கொண்டதில்லை, என் அண்ணனைத் தவிர.

அவன் புத்திசாலி. மூன்றாவது செட் டயரும் போனபோது கடையில் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். மறுபேச்சுப் பேசவில்லை. சாவியை மேஜைமேல் வைத்தான், நடந்தே வீட்டுக்குப் போனான். அவனிடம் இருந்த புத்தி அவன் மனைவியிடம் இல்லை. விநாயக் மறுபடி கேட்டால் மறுபடியும் அதையேதான் சொல்வேன்.

இனி எழுத வேண்டாம். டீனாவின் பைபிள் உறை கிழிகிறது.

லாய்ட்

*

ஸ்கெலட்டன்,
3 ஆகஸ்ட் 2025

லாய்டுக்கு,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன்.

ரோனி சாவியை வைத்துவிட்டு நடந்து வந்த நாளை நீ கடையிலிருந்து பார்த்தாய். நான் வீட்டிலிருந்து பார்த்தேன். சுரங்கத்துக் கழிவு மண் குவிந்து கிடக்கிற சைனட் மேட்டுக்குப் பக்கத்து வழியாக வந்தவன் உள்ளே வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சாப்பாட்டு மேஜையில் வலது கையை நீட்டி வைத்து, "பியூலா, இது நேராத்தான கீது? கொஞ்சம் பாரு" என்றான். நேராகத்தான் இருந்தது. சொன்னேன். நம்பவில்லை. அதற்கப்புறம் காபி டம்ளரைக்கூட இரண்டு கையால் பிடித்தான், ஒரு கையை நம்பக் கூடாது என்று. தங்கச் சுரங்கத்து மெயின் ஷாப்ட்டில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் ஓட்டிய மனிதனின் மகன், சுரங்கம் மூடிய நாளிலிருந்து இந்த ஊரையே பெங்களூருக்கும் கோலாருக்கும் ஏற்றி இறக்கியவன், வாசலில் நாற்காலி போட்டு மற்றவன் வண்டி போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்படி உட்கார்ந்தே போய்ச் சேர்ந்தான். அவனுக்குப் புத்தி இருந்தது என்கிறாய். த்தூ.

இப்போது உன் ரோட்டுச் சரிவுக்கு வருகிறேன். சபை மூப்பர் சைலஸ் ஐயாவின் காரும் இதே ரோட்டில்தான் ஓடுகிறது. அவர் உன் கடைக்கு வருவதில்லை, பங்காருபேட்டையில் மனோகரிடம் போகிறார். அவர் டயரையும் தடவிப் பார்த்தேன். இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறது. உன் சரிவு சைலஸ் ஐயாவின் காரைப் பார்த்ததும் மரியாதையாக நிமிர்ந்துகொள்கிறதா?

மெஷின் பொய் சொல்லாது என்றாய். ஒத்துக்கொள்கிறேன். மெஷின் எங்கே நிற்கிறது என்று யோசித்தாயா? கார் எதன் மேல் ஏறி நிற்கிறது? உன் கடை கழுவினால் தண்ணீர் எப்போதும் இடது சுவர் ஓரமாகப் போய்த் தேங்குகிறது. யார் சொன்னது என்று வீட்டில் யாரையும் கேட்காதே, வாசலில் நின்றாலே தெரிகிறது. போன தடவை வாசுவும் பார்த்தான்.

அந்தத் தரை போட்ட அன்று நான் அங்கே இருந்தேன், மறந்துவிட்டாயா? அப்போது எனக்குக் கல்யாணமாகி வந்த புதிது. டீ எடுத்து வந்தேன். மேடை எழுப்பக் கிராவல் கொட்ட வேண்டும் என்று கொத்தனார் சொன்னார். நீ, "எதுக்குப்பா செலவு? மேட்டுல மலை மாதிரி கீது" என்று டிராக்டரை அனுப்பி சைனட் மேட்டு மண்ணைக் கொண்டுவந்து கொட்டினாய். மாவு மாதிரி மண். மழை பட்டால் கரைந்து நழுவுகிற மண். நம் ஊரில் அதைக் கொட்டிக் கட்டின எந்தச் சுவர் விரிசல் விடாமல் நின்றிருக்கிறது? சும்மா கிடைக்கிறது என்றால் விஷத்தையும் அள்ளி வந்து வீட்டுக்கு அடியில் போடுகிற புத்தி நம் ஆட்களுக்கு மட்டும்தான் உண்டு. அதன் மேல் கான்கிரீட் பூசி, டைல் ஒட்டி, கம்ப்யூட்டர் வைத்துவிட்டாய்.

இடது பக்க மேடை இறங்கியிருந்தால் மேலே நிற்கிற வண்டி இடப்பக்கம் சாயும். சாய்ந்த வண்டியின் நேரான சக்கரத்தை உன் மெஷின் கோணல் என்று சொல்லும். நீ அதை நிமிர்த்துகிறேன் என்று கோணலாக்கி அனுப்புவாய். ரோட்டில் இறங்கியதும் இடது உள்ளே தேயும், வலது வெளியே தேயும். இதைச் செய்து பார்க்க எனக்கு ஒரு தீப்பெட்டியும் சாய்த்து வைத்த பலகையும் போதுமாயிருந்தது.

கொத்தனார் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாய் ஒன்றை வாங்கு. மேடையின் இரண்டு பக்கமும் பிடித்துப் பார். உன் அப்பா கேஜை இறக்கும் முன் ஒவ்வொரு ஷிப்டும் கயிற்றைத் தடவிப் பார்ப்பார். நீ காலுக்குக் கீழே ஒருதரம் பார்.

தரை சரியாக இருந்தால் சாவியை வாசுவிடம் கொடுத்துவிடுகிறேன். இல்லை என்றால், எங்கே நின்று எங்கள் கையைக் கோணல் என்றாயோ அங்கே நின்று, கோணல் இல்லை என்று சொல்ல வேண்டும்.

பியூலா

*

நந்திதுர்க்,
7 ஆகஸ்ட் 2025

அண்ணி,

மட்டம் பார்த்தேன். கடையைச் சாத்திக்கொண்டுதான் பார்த்தேன். இடது மேடை இரண்டு விரல்கடை இறங்கியிருக்கிறது. நடுவில் இன்னும் கொஞ்சம்.

இதனால் நீங்கள் இன்ஜினியர் ஆகிவிட்டதாக நினைக்க வேண்டாம். எறிந்துகொண்டே இருந்தால் ஒரு பந்தாவது ஸ்டம்பில் படும். மெஷின் மேல் ஒரு தப்பும் இல்லை, கம்பெனி ஆள் கருவியைத்தான் சோதிப்பான், தரையைச் சோதிக்க மாட்டான். தரை போட்ட கொத்தனார் செத்துப்போனதால் அவனையும் கேட்க முடியாது. அந்த மண்ணை வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, டீ ஊற்றிக்கொண்டுதானே நின்றீர்கள்.

கடையை மூடிவிட்டேன். மேடையை உடைத்துப் புதிதாகப் போட வேண்டும். உங்கள் வண்டியை மனோகரிடம் கொண்டுபோங்கள். அவனிடம் என் பெயரைச் சொல்ல வேண்டாம், அவன் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. அலைன்மென்ட் முடிந்ததும் டயரை மறுபடி ஒருமுறை சுற்றி மாற்றிவிடுங்கள், அதிகம் தேய்ந்ததைப் பின்னே போடுங்கள், இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

விநாயக்குக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். கடையில் கோளாறு, டிரைவர் மேல் தப்பில்லை என்று. அவன் "அப்டியா" என்று கேட்ட தொனியை உங்களுக்கு எழுதப் போவதில்லை.

லாய்ட்

*

ஸ்கெலட்டன்,
21 ஆகஸ்ட் 2025

லாய்டுக்கு,

விநாயக் நேற்றுப் பார்த்தான். டயரில் இரண்டு விளிம்பிலும் விரல் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தான். "ஓகே மேடம், நீங்களே ஓட்டுங்க" என்றான். பெண்கள் கைதட்டினார்கள். கைதட்ட என்ன இருக்கிறது, என் வண்டியை நான் ஓட்டுகிறேன்.

மனோகர் மெஷினில் வண்டியை ஏற்றியதும் திரை முழுக்கச் சிவப்பு. "எந்தப் புண்ணியவான் செஞ்சான் இத?" என்று கேட்டான். உன் பெயரைச் சொல்லவில்லை. அந்த மரியாதை உனக்கு இல்லை, ரோனியின் குடும்பப் பெயருக்கு.

போன ஞாயிறு சாட்சி நேரத்தில் நீ எழுந்து நின்றதையும் பார்த்தேன். மடிப்புக் கலையாத சட்டை, கர்ச்சீப், தொண்டை செருமல் எல்லாம் பிரமாதம். கடைத் தரை இறங்கிவிட்டது என்றாய், ஆண்டவர் சரியான நேரத்தில் கண்ணைத் திறந்தார் என்றாய், மெஷின் மேல் எந்தக் குறையும் இல்லை என்றாய், புது மேடை போட்டதும் எல்லோரும் ஒருமுறை இலவசமாகக் காட்டிக்கொள்ளலாம் என்றாய். சபை முழுக்க ஆமென் சொன்னது. பாஸ்டர் உன் தோளைத் தட்டினார். விளம்பரம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

மெஷினுக்காகப் பேசினாய். எனக்காக விநாயக்கிடம் பேசினாய், அதுவும் போனில், யார் காதிலும் விழாமல். உன் அண்ணனுக்காக ஒரு வார்த்தை வரவில்லை. நீ உட்கார்ந்ததும் எனக்குப் பின்னால் இருந்த கிழவர் பக்கத்து ஆளிடம் மெல்லச் சொன்னார்: "ரோனிக்கு மட்டும் நெஜமாவே கை நடுங்கும். நான் பாத்துக்கீறேன்." நடுங்கியது உண்மை. நீ சொன்ன பிறகுதான் நடுங்கியது.

இரும்புப் பெட்டிக்கு மானம் இருக்கிறது என்று எழுந்து நின்றாய். கூடப் பிறந்தவனுக்கு இல்லையா? தரை எப்போதிலிருந்து இறங்கியது என்று உனக்குத் தெரியும். அவன் முதல் செட் டயர் போனதே, உன் மேடைக்கு அடியில் தண்ணீர் இறங்கிய அந்தப் பெரிய மழை வருஷத்தில்தான். எனக்கு டயர் வேண்டாம், இலவசம் வேண்டாம். அடுத்த ஞாயிறு எழுந்து அவன் கை நேராக இருந்தது என்று சொல்.

பியூலா

*

நந்திதுர்க்,
27 ஆகஸ்ட் 2025

அண்ணி,

முடியாது.

எளிதாக எழுதிவிட்டீர்கள், எழுந்து நின்று சொல் என்று. சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? இப்போது ஊருக்குத் தெரிந்தது, லாய்ட் கடைத் தரை இறங்கியது, சில பேர் டயர் தேய்ந்தது, அவ்வளவுதான். தரை யாருக்கும் இறங்கும். நாளைக்கு அண்ணன் பெயரை எடுத்தால், அவனை வண்டியிலிருந்து இறக்கியது நான் என்று ஆகிவிடும். ஒரு தப்பும் செய்யாதவனை இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தது நான் என்று ஆகிவிடும். அந்தப் பழியோடு நான் அந்தச் சபையில் எப்படி உட்காருவேன்? என் பிள்ளைகள் எப்படி உட்காருவார்கள்?

நீங்கள் கடையில் இல்லை. நான் அவனிடம் வெறுமனே சொல்லவில்லை, அவனும் நான் முன்பு எழுதியது போல மறுபேச்சில்லாமல் போகவில்லை. சண்டை போட்டான், மெஷினைத் திரும்பப் போடு என்றான். போட்டேன். கையைப் பிடித்து இழுத்து வந்து திரைக்கு முன்னால் நிறுத்தினேன். "பாரு, எல்லாம் பச்ச. உன் கைதாண்டா" என்றேன். கடை முழுக்க ஆள். ரொம்ப நேரம் திரையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். சாவியை வைத்தான்.

இதை மைக் முன்னால் சொல்லச் சொல்கிறீர்கள். அவன் செத்துவிட்டான், அவனுக்கு இனி எந்தச் சாட்சியும் தேவையில்லை. உங்களுக்கு வண்டி கிடைத்துவிட்டது. இதோடு விடுங்கள்.

டீனா உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டாள். இரண்டு நாளாக என் தட்டை மேஜையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு போய்ச் சாப்பிடுகிறாள். அதுவும் உங்களால்தான்.

லாய்ட்

*

ஸ்கெலட்டன்,
29 ஆகஸ்ட் 2025

லாய்ட்,

ஆகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். ஏற்கெனவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை உன் வாசலுக்கு வண்டியோடு வருகிறேன். டீனாவும் பிள்ளைகளும் ஏறிக்கொள்வார்கள், கேட்டுவிட்டேன். நீயும் ஏறு, சர்ச் வரைக்கும் நானே ஓட்டுகிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியில் யோசித்துக்கொள்.

பியூலா